பூட்டோடு வர வேண்டிய காகிதம்

மடிக்கணினியைத் திறக்கும்போது அது கேட்கும் பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களைக் காப்பாற்றுவதில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கேபிள் போட்டு இன்னொரு கணினியில் செருகினால் எல்லாம் அப்படியே தெரியும். சிவகிரி கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நான், இதை வருபவர்களுக்குச் செய்தே காட்டுவேன். பத்திர எழுத்தர், எலுமிச்சை வியாபாரி, டியூஷன் டீச்சர் என்று யார் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஆதார் நகல், பட்டா, பான் கார்டு, வங்கிப் புத்தகத்தின் படம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். பத்திர எழுத்தரிடம் இருப்பது அவருடையது மட்டும் இல்லை, ஊரில் பலருடையது. பிறருடைய விவரங்களைக் கணினியில் வைத்திருப்பவர் அவற்றைத் தக்கபடி காக்க வேண்டும் என்று 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இதற்கு வழி, டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் குறியாக்கி எழுதுவது. என்கிரிப்ஷன் என்று சொல்கிறோமே, அதுதான். சாவிச்சொல் தெரியாதவர் டிஸ்க்கைக் கழற்றிப் போனாலும் அர்த்தமில்லாத எண்களைத்தான் பார்ப்பார். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் வடிவமைத்து, 2001-ல் அமெரிக்கா தரமாக ஏற்ற ஏஇஎஸ் என்ற முறைதான் இன்று உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. லினக்ஸில் டிஎம்-கிரிப்ட் என்ற பகுதி 2004-லிருந்தே இந்த வேலையைச் செய்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை.

லினக்ஸின் நடு இயந்திரம் கெர்னல். டிஸ்க், விசைப்பலகை, வைஃபை எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அத்தனையும் எல்லாக் கணினிக்கும் வேண்டியதில்லை என்பதால், பல பகுதிகளைத் தனித்தனியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது கெர்னலுக்குள் ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். இவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். குறியாக்கம் செய்யும் பகுதியும் பெரும்பாலும் இப்படி ஒரு மாட்யூலாகத்தான் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த மாட்யூல் லினக்ஸோடு தயாராகவே வந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் அதை மூல நிரலிலிருந்து தாங்களே கம்பைல் செய்ய, அதாவது கட்ட, வேண்டி வருகிறது. ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் 2019-லிருந்து குறியாக்க வசதி உண்டு. ஆனால் அதன் உரிமமும் கெர்னலின் உரிமமும் ஒத்துப்போகாததால் அது கெர்னலுக்கு வெளியே தனியாகவே இருக்கிறது. இணையப் போக்குவரத்தைக் குறியாக்கும் வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலில்தான் உள்ளே சேர்ந்தது. அதைவிடப் பழைய கெர்னல் வைத்திருப்பவர் அதைத் தனி மாட்யூலாகக் கட்ட வேண்டும். மூன்றாவது வகை எங்கள் ஊரில் நான் பார்ப்பது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது அப்பாவின் கடைக் கணக்குக்கு வந்திருக்கும். அதில் வேண்டாததையெல்லாம் வெட்டிய சின்ன கெர்னலைத் தாங்களே கட்டிப் பார்க்க நினைக்கும் மாணவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மென்பொருள் எட்டாத உயரத்தில் இருக்கும் பொருளாகத் தெரியவில்லை. கையை வைத்துப் பார்க்கத் துணிகிறார்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் செய்முறைக் குறிப்புகள்தான் என் கவலை. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் ஒரு படியில் மாட்டிக்கொண்டால் பக்கத்து மேசையில் கேட்டுவிடலாம். சிவகிரியில் இரவு பத்து மணிக்கு ஒரு பையன் வீட்டில் உட்கார்ந்து செய்கிறான் என்றால் அவனுக்கு அந்தக் குறிப்பைத் தவிர வேறு ஆள் இல்லை. வேறு மென்பொருளில் குறிப்பு தவறினால் பொழுது வீணாகும், அவ்வளவுதான். குறியாக்கத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: பூட்டியதாக நினைத்த கதவு திறந்தே கிடக்கும், அல்லது உரியவனே உள்ளே போக முடியாமல் வெளியே நிற்பான். செய்முறைக் குறிப்பும் பூட்டின் ஒரு பாகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் மேலே சொன்ன பத்திர எழுத்தர். அவர் கணினியில் குறியாக்கம் போட்டுக் கொடுத்தபோது ஒரு ஆங்கிலக் குறிப்பை அச்செடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “தம்பி, நான் ஒரு நெலத்துக்குப் பத்திரம் எழுதுதேன்னு வைங்க. கெழக்கே யாரு நெலம், வடக்கே எந்த வாய்க்கா, சர்வே நம்பர் என்னன்னு நாலெல்லையும் எழுதுவேன். அம்பது வருசம் கழிச்சு, ஊரே தெரியாத சர்வேயர் வந்தாலும் அந்த எடத்துல போய் நிக்கணும். இத எழுதுனவரு எங்க நின்னு எழுதுதாருன்னே தெரியலையே?” அவர் கேட்டது முழுக்கச் சரி. பல குறிப்புகளில் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் செய்து பார்த்தது என்ற எல்லைகளே இருப்பதில்லை.

கெர்னலைப் பொறுத்தவரை இந்த எல்லைகள் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. புதிய கெர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. வெளியிலிருந்து இயங்கும் நிரல்களுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ளும் அதன் ஆசிரியர்கள், உள்ளமைப்பை வேண்டும்போதெல்லாம் மாற்றுவார்கள். அது ஏன் நல்லது என்று கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. எனக்கும் அந்த வாதம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதன் விளைவு, கெர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூலுக்கான கட்டுமானக் குறிப்பு சீக்கிரமே பழசாகிவிடும். ஒரு மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற முத்திரை அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஓடும் கெர்னலோடு அது பொருந்தாவிட்டால் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்று சொல்லிக் கெர்னல் மறுத்துவிடும். இந்தச் செய்தியைப் பார்த்தவன் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி டவுன்லோடு செய்வான். உண்மையான காரணம் டிமெசேஜ் என்ற பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். அங்கே போய்ப் பார் என்று குறிப்பு சொல்ல வேண்டும்.

கட்டுவதற்கு ஹெடர்கள் என்ற துணை ஃபைல்கள் வேண்டும். டெபியன், உபுண்டுவில் அந்தத் தொகுப்புக்கு ஒரு பெயர், ஃபெடோராவில் வேறு பெயர். அதைவிடச் சிக்கலானது: காலையில் கணினி தன்பாட்டில் புதுக் கெர்னலை இறக்கி வைத்திருக்கும். ரீபூட் செய்யாததால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். ஹெடர் ஒன்றுக்கு, ஓடுவது வேறொன்று. ‘முதலில் அப்டேட் செய், ரீபூட் செய், பிறகு தொடங்கு’ என்ற வரியைப் பழகிய கைகள் எழுத மறந்துவிடுகின்றன, அவர்கள் அதை யோசிக்காமலே செய்துவிடுவதால்.

நான் தமிழில் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கியபோது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் தாளைக் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்வேன். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவள் கை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். “சார், பாஸ்வேர்டு அடிக்கேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது. கீபோர்டு போயிருச்சா?” என்றாள். டெர்மினலில் சாவிச்சொல் அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது என்று எந்தக் குறிப்பிலும் அவள் படித்திருக்கவில்லை. டிஸ்க்கைக் குறியாக்க வடிவத்துக்கு மாற்றும் கட்டளை, உள்ளே இருப்பது அழியும் என்று எச்சரித்து, சம்மதத்தைப் பெரிய எழுத்தில் ‘யெஸ்’ என்று அடிக்கச் சொல்லும். சின்ன எழுத்தில் அடித்தால் வேலையைக் கைவிட்டுவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், கை தவறி யாரும் டிஸ்க்கை அழித்துவிடக் கூடாதே என்று. காரணத்தைச் சொன்னால் அந்த இடத்தில் படிப்பவர் நின்று ஒருமுறை யோசிப்பார்.

எல்லாவற்றையும்விட அதிகப் பேர் மாட்டுவது செக்யூர் பூட் என்ற இடத்தில். அது இயங்கும் புதிய கணினிகளில், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் பெரும்பாலும் ஏற்றாது. நாமே கட்டிய மாட்யூலுக்கு நாமே ஒரு சாவி உண்டாக்கி, அதனால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியிடம் பதிந்து வைக்க வேண்டும். பதியும்போது ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும். அதைக் கொடுத்து ரீபூட் செய்தால், லினக்ஸ் தொடங்கும் முன் ஒரு நீலத் திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி காத்திருக்கும். அழுத்தினால் மெனு திறக்கும், சாவியைச் சேர்க்கலாம். அழுத்தாவிட்டால் வழக்கம்போல் லினக்ஸ் தொடங்கிவிடும், சாவி பதிவாகியிருக்காது. நீலத் திரையைப் பார்த்தாலே நம் ஊரில் ஆட்களுக்கு வயிறு கலங்கும். பழைய விண்டோஸ் அப்படிப் பழக்கியிருக்கிறது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுவார்கள். ‘அடுத்து நீலத் திரை வரும், அது கோளாறு கிடையாது, பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்துங்கள்’ என்று மூன்று வாக்கியம் போதும். இதை எழுதாத குறிப்புகளின் முடிவில், அலுத்துப்போனவர்கள் செக்யூர் பூட்டையே நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலை, இருந்த பாதுகாப்பு ஒன்றைக் கழற்றுவதில் முடிகிறது.

தமிழ் வாசகர்களுக்கென்றே எழுத வேண்டிய ஒன்று உண்டு. சாவிச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, நீளமான தமிழ்த் தொடர் மனதில் நன்றாக நிற்கும். ஆனால் டிஸ்க் முழுவதும் பூட்டியிருக்கும்போது, தொடக்கத்தில் சாவிச்சொல் கேட்கும் அந்தச் சின்னத் திரையில் தமிழ்99 விசைப்பலகை வந்திருக்காது. தமிழில் வைத்த சாவிச்சொல்லை அங்கே அடிக்கவே வழி இருக்காது. கிரிப்ட்செட்டப் என்ற கருவிக்கான கேள்வி-பதில் ஆவணமும், ஆஸ்கி பட்டியலில் அச்சாகும் 95 எழுத்துகளுக்குள்ளேயே சாவிச்சொல்லை வைத்துக்கொள்ளும்படி எச்சரிக்கிறது. நான் சொல்லும் வழி: தமிழ்த் தொடரையே வைத்துக்கொள்ளுங்கள், அதை ஆங்கில எழுத்துகளால் அடியுங்கள். எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘ழ’வுக்கு இன்று ஒரு எழுத்தும் நாளை இன்னொன்றும் அடித்தால் கதவு திறக்காது.

அந்தக் கேள்வி-பதில் ஆவணத்தை எழுதியவர் ஆர்னோ வாக்னர். நல்ல ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். அதன் தொடக்கத்திலேயே, வேறு எதையும் படிக்காவிட்டாலும் பேக்கப் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள் என்று சொல்கிறார். காரணம், உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைக் கெடுத்துக்கொண்டவர்கள். கிரிப்ட்செட்டப் வழக்கமாகப் பயன்படுத்தும் லக்ஸ் என்ற முறையில் குறியாக்கிய டிஸ்க்கின் தலைப்பகுதியில் ஹெடர் என்ற சின்ன இடம் உண்டு; மாட்யூல் கட்ட வேண்டிய ஹெடர் ஃபைல்கள் வேறு, இது வேறு. நாம் அடிக்கும் சாவிச்சொல் திறப்பது இந்த ஹெடருக்குள் இருக்கும் உண்மையான சாவியைத்தான். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் வழக்கமாக இதற்கு ஒதுக்குவது 16 எம்பி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் இந்த 16 எம்பி கெட்டால், சாவிச்சொல் மனப்பாடமாக இருந்தும் மீதி முழுவதும் போச்சு. உலகத்தில் யாராலும் மீட்க முடியாது. பழைய பிரிவை ஃபார்மட் செய்யவா என்று ஒரு நிறுவி கேட்டதற்குத் தவறாக ஆம் என்று சொன்னால்கூட இது நடக்கும்.

ஆகவே ஹெடரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்க வேண்டும். கட்டளை ஒரே வரிதான். அதோடு சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பல குறிப்புகள் விட்டுவிடுகின்றன. யாரோ சாவிச்சொல்லைத் தெரிந்துகொண்டார்கள் என்று நீங்கள் அதை மாற்றினாலும், பழைய ஹெடர் நகலை வைத்திருப்பவர் பழைய சாவிச்சொல்லால் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியும். மாற்றிய கையோடு பழைய நகலை அழித்து, புதிதாக எடுக்க வேண்டும்.

நல்ல எழுத்துக்கு இன்னொரு உதாரணம் தோர்ஸ்டன் லீம்ஹூயிஸ் எழுதி 2023-ல் கெர்னல் ஆவணங்களில் சேர்ந்த வழிகாட்டி, சின்ன கெர்னலை விரைவாகக் கட்டுவது பற்றியது. அனுபவசாலிகளுக்குத் தொடக்கத்திலேயே கட்டளைகளை மட்டும் கொடுத்துவிடுகிறார். அடுத்து படிப்படியான விளக்கம். ஒவ்வொரு படிக்கும் ஏன், எதற்கு என்பது கடைசியில் தனியாக. பேக்கப் எடுப்பதில் தொடங்கி, செக்யூர் பூட்டையும் மறக்காமல் சொல்கிறார். அவர் சொல்லும் முறையில், இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டும் ஒரு படி இருக்கிறது. குறியாக்கம் பழகுபவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டளையை ஓட்டும் நேரத்தில் குறியாக்கிய டிஸ்க் திறந்திருக்காவிட்டால், டிஎம்-கிரிப்ட் வேண்டாதது என்று கழிக்கப்பட்டுவிடலாம். புதுக் கெர்னல் அழகாகத் தொடங்கும், டிஸ்க் திறக்காது. என் தமிழ்க் குறிப்பில் இந்த வரி தடித்த எழுத்தில் இருக்கிறது.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. டிஎம்-கிரிப்ட் வருவதற்கு முன்பே யாரி ரூசு என்பவர் லூப்-ஏஇஎஸ் என்ற மாட்யூலைக் கொடுத்தார். பயனரே கட்ட வேண்டும். ஒரே ஒரு நீண்ட உரை ஃபைல்தான் ஆவணம், இன்று படித்தால் மூச்சுமுட்டும். ஆனால் அதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: கட்டி முடித்ததும், மாட்யூல் ஒழுங்காகக் குறியாக்குகிறதா என்று சோதிக்கும் கட்டளையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ‘இப்போது முடிந்தது’ என்று சொல்லி நிறுத்தும் குறிப்புக்கும், முடிந்ததா என்று படிப்பவரே பார்த்துக்கொள்ள வழி கொடுக்கும் குறிப்புக்கும் நிறைய தூரம். அந்தக் காலத்தில் குறியாக்கப் பகுதிகள் கெர்னலுக்குள் வராததற்கு அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் பெரிய காரணம். 2000-ல் அது தளர்ந்தபின்தான் 2002-ல் கெர்னலுக்குள்ளேயே குறியாக்கத்துக்கான பொது அமைப்பு நுழைந்தது.

நம் இயந்திரங்களையும் நம் மின்சாரத்தையும் மனதில் வைத்து எழுதுவது நம் பொறுப்பு. ஏஇஎஸ் கணக்கை வேகமாகச் செய்யும் தனிக் கட்டளைகளை இன்டெல் 2010-லேயே கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காலத்து மலிவான பென்டியம், செலரான் சில்லுகள் பலவற்றில் அவை இல்லை. அப்படிப்பட்ட மடிக்கணினியில் குறியாக்கம் போட்டால் வேகம் குறையும். போடும் முன் கிரிப்ட்செட்டப்பின் பெஞ்ச்மார்க் கட்டளையை ஓட்டி எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இத்தகைய எளிய சில்லுகளுக்காகவே கூகுள் 2019-ல் அடியான்டம் என்ற முறையை அறிவித்தது, லினக்ஸிலும் அது இருக்கிறது. பழைய இரட்டைக் கோர் இயந்திரத்தில் கெர்னல் கட்ட மணிக்கணக்காகும், மூல ஃபைல் மட்டுமே நூறு எம்பிக்கு மேல். இதை முன்பே சொன்னால் மொபைல் டேட்டாவில் இறக்குபவர் திட்டமிட்டுக்கொள்வார். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் கட்டுமானம் பாதியில் நின்றால் பயமில்லை. மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதை இருந்த இடத்திலேயே குறியாக்கும் வேலையை மட்டும் அந்த நாளில் தொடவே கூடாது, பேக்கப் இல்லாமல் எந்த நாளிலும் கூடாது.

கெர்னல் ஆவணங்களுக்கு சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானிஷ் மொழிகளில் மொழிபெயர்ப்புப் பிரிவுகள் உண்டு. தமிழுக்கு இல்லை. தமிழில் எழுத முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழும், நித்யா துரைசாமி ‘எளிய தமிழில்’ என்று எழுதிய நூல்களும் அதைக் காட்டிவிட்டன. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் பிள்ளைகளின் மடிக்கணினிகளிலேயே வந்தது. கெர்னலும் குறியாக்கமும்தான் இன்னும் தமிழில் ஆளில்லாத பகுதி. முழு ஆவணத்தையும் பெயர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாறிக்கொண்டே இருப்பதைத் துரத்தி மாளாது. வெளி மாட்யூலைக் கட்டுவது, கையொப்பமிடுவது, ஹெடரைக் காப்பது ஆகிய மூன்றும் தேதியோடும் பதிப்பு எண்ணோடும் தமிழில் இருந்தால் போதும். திரையில் வரும் பிழைச் செய்தியை மட்டும் வந்தபடியே வைக்க வேண்டும், படிப்பவர் தன் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் பக்கத்தின் முதல் வரி, ‘இது உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள்’ என்று இருக்க வேண்டும். மாட்யூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கட்டளை போதும். பத்தில் எட்டுப் பேர் அந்த வரியோடு திரும்பிப் போனாலும் எனக்கு மகிழ்ச்சிதான். லினக்ஸ் நிறுவும்போதே குறியாக்கம் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்தால் அவர்கள் வேலை முடிந்தது.

என் குறிப்பில் இப்போது எழுதிக்கொண்டிருப்பது மீட்புப் பக்கம். புதுக் கெர்னல் தொடங்காவிட்டால் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது, மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, பென் டிரைவில் உள்ள ஹெடர் நகலைத் திரும்ப வைப்பது. திரும்ப வைக்கும் முன் இப்போதுள்ள ஹெடரையும் ஒரு நகல் எடுத்துக்கொள்வது இதில் முக்கியமான படி. இந்தப் பக்கத்தைக் கடையிலேயே அச்செடுத்துக் கையில் கொடுக்கிறேன். அது தேவைப்படும் நேரத்தில் கணினி திறக்காது.